புற்றுக்குப் பால்! பாம்புக்குத் தடி!

வெள்ளிக்கிழமை காலை. திருவாதவூர்க் கண்மாய்க் கரையில் ஒரு வேம்பு. வேம்பின் அடியில் ஒரு புற்று. புற்றின்மேல் மஞ்சள், மஞ்சளின்மேல் குங்குமம், குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு ஓடுகிறது பால். பாலுக்கு அழும் குழந்தையை இடுப்பிலே சுமந்தபடி, வாயில்லா மண்ணுக்குப் பால் வார்க்கிறாள் ஒரு தாய். அவளுக்குப் பின்னால் ஒரு பெரியவர். நெற்றியிலே நீறு, நெஞ்சிலே உருக்கம், கையிலே முட்டை. கண்களை மூடிக்கொண்டு வேண்டுகிறார்: "நாகம்மா! குலத்தைக் காப்பாத்து தாயே!"

அன்று மாலை. நான் பணியாற்றும் பள்ளியின் சுற்றுச்சுவரருகே ஒரே கூச்சல். "பாம்பு! பாம்பு! நல்ல பாம்பு!" ஓடிச் சென்று பார்த்தேன். பிள்ளைகள் வட்டமிட்டு நின்றார்கள். என் வகுப்பு மாணவன் ஒருவன் கையிலே கல். முதற் கல்லை எறிந்தவன் அவன்தான் என்றார்கள். வட்டத்தின் நடுவே ஓங்கிய தடியோடு ஒருவர். யார்? காலையில் கைகூப்பி நின்ற அதே பெரியவர்! நெற்றியிலிருந்த நீறு இன்னும் கலையவில்லை. முட்டை இருந்த கையில் மூங்கில் இருந்தது. "அடிக்காதீர்கள் ஐயா" என்று நான் கூவி முடிப்பதற்குள் மூன்று அடிகள் விழுந்துவிட்டன.

ஆறடிக்குக் குறையாத நீளம். பழுப்பு கலந்த மஞ்சள் நிறம். படம் இல்லை. வயிற்றின் நடுவே ஒரு புடைப்பு, விழுங்கிய எலி. அது நல்ல பாம்பன்று, சாரை. நஞ்சென்பது துளியும் இல்லாத சாரை. பள்ளிச் சுவருக்கு அப்பால் இருக்கும் பெரியவரின் வைக்கோற் படப்பில் எலி பிடித்துவிட்டுத் திரும்பிய சாரை. கூலி கேட்காத காவற்காரனைக் கொன்றுவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டார் பெரியவர்.

"விறகு எடுத்துட்டு வாங்கடா. கொளுத்திடணும். கண்ணுல நம்ம உருவம் பதிஞ்சிருக்கும். இதோட சோடி தேடிக்கிட்டு வந்துரும்" என்று பிள்ளைகளை ஏவினார்.

"காலையிலே கும்பிட்டீர்களே, ஐயா" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, அது சாமி. இது பாம்பு" என்றார்.

அது சாமி, இது பாம்பு! நான்கே சொற்கள். நாலாயிரம் பக்கம் எழுதினாலும் நம் நாட்டு மனத்தை இதைவிடத் தெளிவாக விளக்கிவிட முடியாது. கல்லாக நின்றால் சாமி. உயிரோடு வந்தால் சாவு. இந்த முரணைக் கன்னட நாட்டிலே 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணர் சுட்டிக் கேட்டார். கேட்டு 800 ஆண்டுகள் ஓடிவிட்டன. புற்றிலே பாலும் காயவில்லை. தடியிலே குருதியும் காயவில்லை.

இந்த ஊர் வெற்றூர் அன்று, தோழர்களே! மேலூர் வட்டத்துத் திருவாதவூர், கபிலர் பிறந்த ஊர் என்று மரபு கூறுகிறது. குறிஞ்சிப்பாட்டிலே 99 மலர்களைப் பெயர் பெயராக எடுத்துச் சொன்னவர் கபிலர். ஒவ்வொரு பூவையும் உற்றுப் பார்த்தவருக்கன்றி அப்படியொரு பட்டியல் வாய்க்காது. பார்த்தல், வேறுபாடு காணுதல், பெயரிட்டு வழங்குதல்! இன்றைய உயிரியல் வகுப்பின் முதற்பாடம் வேறென்ன? அதே ஊர்தான் மாணிக்கவாசகர் பிறந்த ஊரும். அவர் பொருட்டு நரிகள் பரிகளாயின, இரவோடு இரவாகப் பரிகள் மீண்டும் நரிகளாயின என்பது கதை. 99 மலர்களைப் பிரித்தறிந்த கண் ஒருபுறம். நரியைப் பரியென்று வாங்கிக் கட்டிய கண் மறுபுறம். ஊர் எந்தக் கண்ணைத் தன் கண்ணாக வைத்துக்கொண்டது? சாரையை நாகமென்று அடித்த அந்தத் தடியைக் கேளுங்கள்!

சுற்றுவட்டாரமே பாம்புக் கதையால் வேலி கட்டப்பட்டது. மதுரைக்கு ஆலவாய் என்றொரு பெயர். நகரின் எல்லை மறந்துபோயிற்றாம். இறைவன் ஏவிய பாம்பு வாலை வாயிலே கவ்வி வட்டமிட்டு எல்லை காட்டியதாம். நம் நில அளவைத் துறைக்கு இந்த வசதி கிட்டாமற் போயிற்றே! நகருக்கு மேற்கே நாகமலை. சமணர்கள் ஏவிய பெரும்பாம்பு, பாண்டியன் அம்பு பட்டு மலையாகிக் கிடக்கிறதாம். ஏவியவர்கள் யார்? சமணர்கள்! எறும்பு மிதிபடுமே என்று மயிற்பீலியால் வழியைப் பெருக்கி நடந்தவர்கள், ஊரை விழுங்கப் பாம்பை ஏவினார்களாம்! அவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகளும், 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழிக் கல்வெட்டும் திருவாதவூர்க் குன்றிலே இன்றும் உண்டு. கொல்லாமை பேசியவர் தலையிலே கொலைப்பழி! அந்தப் பழியைப் பங்கு போட்டுக்கொண்ட மற்றோர் உயிர் பாம்பு.

இப்படிக் கதை தந்த பாம்புகள் இரண்டே: ஒன்று தெய்வம், மற்றொன்று எமன். வரப்பு வளையிலே எலி தேடும் உண்மைப் பாம்புக்கு நம் தலையிலே இடமே இல்லை.

கண்மாய்க்கரை வேம்பின் அடியில் புற்று மட்டுமன்று, நாகக்கல்லும் உண்டு. இரண்டு பாம்புகள் முறுக்கிப் பின்னி, முகத்தோடு முகம் நோக்கி நிமிர்ந்து நிற்கும் கல். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் அதைச் சுற்றி வருகிறார்கள். மரக்கிளையிலே துணித் தொட்டில் கட்டுகிறார்கள். ஏன்? ஆணும் பெண்ணும் கூடும் கோலமாம் அது. வயலிலே இரண்டு பாம்புகள் தலைதூக்கி, முறுக்கிக்கொண்டு, விழுந்து எழுந்து ஆடுவதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். "சாரை ஆண், நாகம் பெண்; இரண்டும் பிணைகின்றன" என்பார்கள் ஊரார். அதன்மேல் புது வேட்டியை எறிந்து, எடுத்துப் பெட்டியிலே பூட்டிவைத்தால் செல்வம் பெருகும் என்பார்கள். பார்த்து அறிந்தவர்கள் சொல்வதென்ன? சாரை வேறு இனம். நாகம் வேறு இனம். இரண்டும் இணைவதில்லை. சாரையிலே ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு, நாகத்திலும் அப்படியே. தலை நிமிர்த்திப் பின்னி ஆடுபவை இரண்டும் ஆண் சாரைகள்! நடப்பது கலவியன்று, மற்போர்! எதிரியின் தலையைத் தரையோடு அழுத்தியவன் வென்றவன். தோற்றவன் விலகிப் போகிறான். கடியும் இல்லை, கொலையும் இல்லை. பாம்புகளின் போரிலே அவ்வளவு பண்பாடு!

வயலிலே கண்ட அந்தக் காட்சிதான் கல்லிலே ஏறியதென்றால், மற்போர்க் களத்தைச் சுற்றி வந்தன்றோ மகப்பேறு கேட்கிறோம்? சிரிப்பு வருகிறது. சுற்றி வரும் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. அவளுக்கு நாகதோடம் என்று கட்டம் போட்டவன் எவன்? அவளை மட்டும் மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, அவள் கணவனை ஒரு நாளேனும் மருத்துவரிடம் அனுப்பாத குடும்பம் எது? அது தனிக் கட்டுரைக்கு உரிய வழக்கு. பாம்புக்கே திரும்புவோம்.

பாம்போடு நின்றதா நம் மடமை? ஊர்ந்து செல்லும் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. "அரணை கடித்தால் மரணம்" என்கிறார்கள். எதுகை பொருந்திற்று, உண்மை பொருந்தவில்லை. அரணைக்கு நஞ்சே கிடையாது. இந்தியாவிலே நஞ்சுடைய பல்லியினம் ஒன்றுகூடக் கிடையாது. ஓர் எதுகைக்காக எத்தனை அரணைகள் துடைப்பத்திலே சாகின்றன! கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டு மரத்திலேறிப் பிணம் எரியும் புகையைப் பார்க்குமாம். கடித்தாலும் ஆளைக் கொல்லும் நஞ்சற்ற அந்த மரப்பாம்பு, ஓணானையும் தவளையையும் தேடிக் கிளையேறுகிறது, அவ்வளவே. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்துமாம். பல்லி தோளில் விழுந்தால் ஒரு பலன், தலையில் விழுந்தால் ஒரு பலன் என்று நாட்காட்டியிலே அச்சிடுகிறார்கள். தோடம் நீங்கத் தொட்டு வணங்கக் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயிலிலே பொன் பல்லியும் வெள்ளிப் பல்லியும் உண்டு. பொன்னாலான பல்லிக்கு வரிசை. சுவரிலே கொசுவைத் தின்னும் பல்லிக்குச் செருப்பு! ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிறது நம் பழமொழி. அதே நட்சத்திர ஆமையை நற்பேறு தரும் என்று நம்பிப் பணம் கொடுத்து வாங்கும் கூட்டமும் உண்டு. அவர்களுக்காகப் பெட்டியிலடைத்துக் கடத்துகிறான் ஒருவன். இங்கே தரித்திரம், அங்கே அதிர்ட்டம். ஆமைக்கோ இரண்டிலும் அழிவு.

மண்ணுளிப் பாம்பின் கதையோ இதைவிடக் கொடிது. வால் மழுங்கியிருப்பதால் இருதலைப் பாம்பென்று பெயர். நக்கினால் குட்டம் வரும் என்று சொல்லி ஏழை அதை அடிக்கிறான். வீட்டில் வைத்தால் கோடி சேரும் என்று நம்பிப் பணக்காரன் அதை வாங்குகிறான். எடைபோட்டு விலைபேசும் தரகர்கள் பிடிபட்ட செய்தி, ஆண்டுதோறும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களிலே வருகிறது. உடும்பின் குருதி நரம்புக்கு வலிமை, இறைச்சி இடுப்புக்கு மருந்து என்று அதன் தோலை உரிக்கிறார்கள். அதன் ஆண்குறியை உலர்த்தி, "கிடைத்தற்கரிய வேர்" என்று பூசைப்பொருளாக விற்கும் மோசடியும் நாட்டிலே நடக்கிறது. வேர் என்று எண்ணிப் பூசை அறையிலே வைத்துப் பொட்டிடுகிறார்கள் பாவம்! உடும்பைக் கொன்றால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம். 1972ஆம் ஆண்டிலேயே வந்தது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் ஊருக்கு வந்து சேரவில்லை. "நீயா" படம் 1979ஆம் ஆண்டிலேயே வந்து சேர்ந்துவிட்டது; பாம்பு பெண்ணாகும், பெண் பழிவாங்குவாள் என்பதைப் பட்டிதொட்டியெல்லாம் பாடமாக்கிவிட்டது.

இதுவரை சொன்னது ஊர்வனவற்றின் சாவு. இனி மனிதரின் சாவைச் சொல்கிறேன்.

முதற் கல்லை எறிந்தானே ஒரு மாணவன், அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்பவள். கூரை வீடு, தரையிலே பாய். ஓர் இரவு, விடியுமுன் எழுந்து வயிறு வலிக்கிறது என்றாளாம். கடிபட்ட தடம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் இமைகள் சரிந்தன, நாக்குக் குழறியது. "காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்றார்கள் அண்டை அயலார். வேப்பிலை வந்தது, விபூதி வந்தது, மந்திரிப்பவர் வந்தார். பொழுது ஏறியது. மூச்சு முட்டத் தொடங்கிய பிறகுதான் யாரோ 108ஐ அழைத்தார்கள். மருத்துவமனை வாயிலை அவள் அடைந்தாள், உயிர் அடையவில்லை. மொட்டைத் தலையோடு பள்ளிக்குத் திரும்பினான் பிள்ளை. அவன் ஏன் கல் எடுத்தான் என்று நான் அவனைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அந்தக் குறிகள் கட்டு விரியன் கடியின் குறிகள் என்பதை நான் பின்னரே படித்தறிந்தேன். கலைக்கல்லூரியில் வரலாறு படித்தவன் நான், விலங்கியல் அறியேன். இரவிலே நடமாடும் கட்டு விரியன், தரையிலே உறங்குவோரைக் கடிக்கிறது. கடியிலே பெரும்பாலும் வலியும் வீக்கமும் இரா. வயிற்றுவலியும், சரியும் இமைகளுமே அறிவிப்பு. அந்த அறிவிப்பைப் பேயின் அறிவிப்பாகப் படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம் நம் ஊருக்கு! பேய்க்குப் பூசை நடக்கும் நேரத்தில் மூச்சுத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன.

இந்தியாவிலே 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தோர் சுமார் 12 இலட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அதற்கு முந்தைய ஆய்வொன்று, 2005ஆம் ஆண்டுக்கு 45,900 சாவுகள் என்று கணக்கிட்டது. அவர்களில் 97 விழுக்காட்டினர் சிற்றூரார். மருத்துவமனையிலே உயிர்விட்டோர் 23 விழுக்காட்டினரே! அப்படியானால் மற்றவர்கள்? வீட்டுத் திண்ணையிலும், வேப்பமரத்தடியிலும், மந்திரவாதியின் வாசலிலும், பாதி வழியிலும் மாண்டார்கள். பாம்பு சாதி பார்த்துக் கடிப்பதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் செருப்பில்லாத காலும், கட்டிலில்லாத உடலும், விளக்கில்லாத தெருவுமே அதற்கு அகப்படுகின்றன!

"மந்திரத்தால் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே?" என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். இந்தியாவிலே 300க்கு மேற்பட்ட பாம்பினங்கள். நஞ்சுடையவை ஏறத்தாழ 60. ஆளை மிகுதியாகக் கொல்பவை நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே. நஞ்சுப் பாம்பு கடித்தாலும் எல்லாக் கடியிலும் நஞ்சு இறங்குவதில்லை, வெறுங்கடியும் உண்டு. ஆகவே மந்திரிப்பவரிடம் வருவோரிற் பலர், மந்திரம் இன்றியும் பிழைத்திருக்கக் கூடியவர்களே. பிழைத்தால் மந்திரம் பலித்தது. செத்தால் விதி முடிந்தது. நட்டமே இல்லாத வாணிபம் இது! அரசு மருத்துவமனையிலே என்ன செய்கிறார்கள்? கண்ணாடிக் குழாயிலே சிறிது குருதி எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். உறைந்திருந்தால் அச்சம் குறைகிறது. உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு வேலை செய்கிறது என்று அறிந்து ஊசி போடுகிறார்கள். 20 நிமிடம்! உடுக்கைக்குத் தோல் காய்ச்சவே அதைவிட நேரமாகும்.

அந்த ஊசி மருந்து எங்கிருந்து வருகிறது? கேளுங்கள், நரி பரியான ஊரின் மக்களே! பரியிலிருந்துதான் வருகிறது! பாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்துகிறார்கள். குதிரையின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை ஆக்கிக்கொள்கிறது. அதன் குருதியிலிருந்து நீர்ப்பகுதியைப் பிரித்துத் தூய்மை செய்தால் நஞ்சுமுறி மருந்து. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் வகுத்த வழி இது. கதையிலே வந்த பரி ஓரிரவிலே நரியாயிற்று; மன்னன் கொடுத்த பொன்னும் போயிற்று. மருந்துக் கூடத்துப் பரியோ ஆண்டுதோறும் ஆயிரம் ஆயிரமாய் உயிர்களை மீட்கிறது. எந்தப் பரிக்குத் திருவிழா எடுக்க வேண்டும்?

இன்னொன்றும் கேளுங்கள். குதிரைக்குச் செலுத்த நஞ்சு வேண்டும், நஞ்சுக்குப் பாம்பு வேண்டும், உயிரோடு வேண்டும். மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியிலே 1978ஆம் ஆண்டு முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பைக் கொன்று விற்று வயிறு கழுவியவர்கள் அவர்கள். பாம்புத் தோல் வணிகம் தடைப்பட்டபின், அதே கைகள் பாம்பை உயிரோடு பிடித்து, நஞ்சை எடுத்து, சில வாரங்களில் மீண்டும் காட்டிலே விடுகின்றன. இந்தியாவின் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி அந்தக் கைகள் தந்தது. இருளரான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ஆம் ஆண்டு பத்மசிறீ விருது கிடைத்தது. நாகரிகமற்றவர்கள் என்று நாம் ஒதுக்கியவர்கள், பாம்பைக் கும்பிட்டு உருகவும் இல்லை, கண்டதும் அடிக்கவும் இல்லை, பிடித்துப் பார்த்தார்கள். கபிலரின் கண் அவர்களிடம் இருந்தது!

இங்கே பக்தர்கள் குறுக்கிடுகிறார்கள். "வழிபாடு இல்லாவிட்டால் பாம்பே மிஞ்சியிருக்காதே! கோயில்காடுகளைக் காத்தது பக்திதானே?" என்கிறார்கள். நேர்மையான கேள்வி; நேர்மையாகவே விடை சொல்கிறேன். சில கோயில்காடுகளிலே கோடரி விழாமல் இருந்ததற்கு அச்சம் ஒரு காரணம். மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காவல் எல்லைக் கல்லோடு முடிகிறது. காட்டுக்குள்ளே பாம்பு கடவுள்; கல்லைத் தாண்டிக் களத்திற்கு வந்தால் கைதி; தீர்ப்பு மரணம். கல்லுக்கு வார்த்த பாலால் எந்தப் பாம்பும் வளரவில்லை. பாம்புக்குப் பால் செரிப்பதில்லை. நீரின்றிப் பல நாள் வாட்டி, வாய்க்கு எட்டிய எதையும் குடிக்கும் நிலைக்குத் தள்ளித்தான் பாம்பாட்டி அதைக் குடிக்க வைத்தான். மகுடிக்கு ஆடியதும் அப்படித்தான். கண்முன் அசையும் குழலைக் கண்டு தற்காப்புக்கு அசைகிறது அது.

மேலும், அச்சத்தைக் காவலாக வைத்தவன், பணத்தை எதிரே கண்டால் என்ன செய்வான்? நம் மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் எத்தனை கிரானைட் பாளங்களாகிக் கப்பலேறின! அந்தக் குன்றுகளிலே சாமி இல்லையா? இருந்தது. குன்று போனபோது சாமி தடுக்கவில்லை.

தடுத்த இடம் ஒன்று உண்டு, பெருமையோடு சொல்கிறேன். நமக்கு அண்மையிலுள்ள அரிட்டாபட்டி. குன்றும் கண்மாயும் ஊற்றும் சூழ்ந்த அந்த ஊரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து, 193 எக்டேருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு. 2024 நவம்பரிலே அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர் எழுந்தது! கிராமசபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7ஆம் நாள் மக்கள் வெள்ளம் மதுரையை நோக்கி நடந்தது. சனவரி 23ஆம் நாள் ஏலம் இரத்தாயிற்று. குலசாமியையும் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள் பலர், அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஏலத்தை இரத்து செய்தது சூடமன்று. இந்தக் குன்றிலே என்ன உயிர் இருக்கிறது, என்ன கல்வெட்டு இருக்கிறது, என்ன ஊற்று இருக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டிய அறிவும், அதைக் கேட்கும் உரிமையும்தான். மலைப்பாம்பு அங்கே தெய்வமாக எழுதப்படவில்லை, மலைப்பாம்பாகவே எழுதப்பட்டது. அதனாலேயே அது காப்பாற்றப்பட்டது.

இனி நம்மவர்களுக்கு ஒரு சொல். கசக்கும், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

புற்றுக்குப் பால் வார்ப்பவனைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கிறோம். பட்டிமன்றத்திலே கேலி பேசுகிறோம். கைதட்டலும் கிடைக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியிலே ஒரு பாம்பு குறுக்கிட்டால்? சிரித்த நாமும் தடியைத்தான் தேடுகிறோம்! நானே செய்திருக்கிறேன். கல்லூரி விடுதியிலே தங்கிப் படித்த நாளில், குளியலறை மூலையிலே வெள்ளைக் கோடு போட்ட சிறு பாம்பொன்று சுருண்டிருந்தது. "கட்டு விரியன்!" என்று கத்தினான் நண்பன். செங்கல்லை எடுத்தவன் நான். அன்று மாலை, "மூடநம்பிக்கை ஒழிக" என்ற தலைப்பிலே பேசி முதற்பரிசும் வாங்கினேன். ஓராண்டு கழித்து ஒரு நூலிலே அந்தப் பாம்பின் படத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கோல் வரையன்; நஞ்சற்றது; கட்டு விரியனைப் போலத் தோன்றுவதாலேயே கொல்லப்படுவது. பரிசுக் கோப்பை இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் செங்கல்லும் தெரிகிறது.

பாலை மறுத்துத் தடியை வைத்துக்கொள்வது அரைப் பகுத்தறிவு. பால் வார்ப்பவனும் அடிப்பவனும் செய்யத் தவறியது ஒன்றே: உற்றுப் பார்க்கவில்லை. கடவுள் இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். கட்டு விரியனுக்கும் வரையனுக்கும் வேறுபாடு சொல்ல ஒரு வாரம் படிக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தை நம் மன்றங்கள் எப்போது செலவிடப் போகின்றன? உலக நலவாழ்வு நிறுவனம் 2017இலே பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலிலே சேர்த்தது. 2024 மார்ச்சில், 2030க்குள் இந்தச் சாவைப் பாதியாகக் குறைப்போம் என்று தேசியத் திட்டம் வெளியாயிற்று. 2024 நவம்பரில் தமிழ்நாட்டரசு, பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. மருத்துவமனை ஒவ்வொரு கடியையும் கணக்கிலே ஏற்ற வேண்டும் என்பது ஆணை. நல்ல ஆணை. ஆனால் மந்திரவாதி எந்தக் கணக்கிலே ஏற்றுவான்? அந்தக் கணக்கை எடுக்க வேண்டியவர்கள் ஊர்தோறும் இருக்கும் நாம் அல்லவா? ஆரம்ப சுகாதார நிலையத்திலே நஞ்சுமுறி மருந்து இருக்கிறதா, இரவிலே மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம் அல்லவா?

தடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தடி வேண்டும்; இருட்டிலே தரையைத் தட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அதிர்வை உணர்ந்து பாம்பு விலகிப் போகும். கையிலே விளக்கு வேண்டும். காலிலே செருப்பு வேண்டும். தரையிலே படுப்போருக்குக் கட்டில் வேண்டும், கட்டில் இல்லையேல் பாயின் அடியிலே செருகிய கொசுவலையேனும் வேண்டும். கடித்துவிட்டால் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடு. வீட்டுக்குள்ளே வந்துவிட்டால் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ கூப்பிடு. இவ்வளவுதான்! இதற்கு வேதமும் வேண்டா, வேள்வியும் வேண்டா. கல் எறிந்த அந்தப் பிள்ளை, இந்தப் பாடத்தைத் தன் கையெழுத்திலே எழுதி வகுப்புச் சுவரிலே ஒட்டியிருக்கிறான். நான் எழுதச் சொல்லவில்லை. நான்கு நஞ்சுப் பாம்புகளின் படங்களையும் வரைந்திருக்கிறான். கட்டு விரியனின் படம் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிது.

சென்ற வாரம் அந்தப் பெரியவர் பள்ளிக்கு வந்தார். கையிலே ஒரு பொட்டலம். படப்பெல்லாம் எலியாம்; விதைநெல் மூட்டையிலே ஓட்டை போட்டுவிட்டதாம். மேலூருக்குப் போய் எலிமருந்து வாங்கி வந்திருக்கிறார். எழுத்தெல்லாம் ஆங்கிலம். "என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றார். படித்துச் சொன்னேன். குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. ஆடு, கோழி தொடக் கூடாது. நீர்நிலையிலே கலக்கக் கூடாது. பெரியவர் வீட்டிலே மூன்று பேரப்பிள்ளைகள். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுற்றுச்சுவரின் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு அடிச்சோமே, அந்தச் சாரை... அதோட சோடி எங்கயாச்சும் இருக்குமா தம்பி?" என்று கேட்டார்.